'எட்டு வரும்' என்கிறார் கடைக்காரர்

அன்புள்ள மாப்பிள்ளை,

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு வாட்ஸ்அப் சத்தம் கேட்டு உன் அத்தை எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஊரில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துவிட்டாள். "ஒண்ணுமில்ல, மைக்கேல் ஜோர்டான்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு விவரிக்கத் தேவையில்லை. உன் அம்மாவும் அப்படித்தான் பார்ப்பாள்.

'பொறு' என்று ஒரு வார்த்தையில் பதில் போட்டது உனக்கு எரிச்சலாக இருந்திருக்கும். கார்டு ஷோவில் ஒருவர் 1986-இல் ஃப்ளியர் கம்பெனி போட்ட ஜோர்டான் கூடைப்பந்துக் கார்டை 3,000 டாலருக்குத் தருகிறார், ரொக்கமாக வேண்டும், ஞாயிறு மாலை மேசையை மடித்துக்கொண்டு போய்விடுவார், தரம் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று எண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்த ஸ்லாப் வாங்கினால் இன்னும் எவ்வளவோ ஆகும், 'நிச்சயமா எட்டு வரும், ஒன்பது வந்தாலும் வரும்' என்று அவரே சொல்கிறார், எடுத்துவிடலாமா மாமா என்று கேட்டிருந்தாய். போனில் கட்டைவிரலால் எழுதி முடிகிற பதில் இல்லை. அதனால்தான் மின்னஞ்சல். இது உன் முதல் வேலை, முதல் போனஸ் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அழகான கார்டுதான். 132 கார்டு வரிசையில் 57-ஆம் எண். பந்தோடு மேலே எழும்பி, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஜோர்டான். சுற்றிலும் சிவப்பும் வெள்ளையும் நீலமும். அந்தச் சிவப்பும் நீலமும்தான் இந்தக் கார்டின் எமன். அடர் நிற விளிம்பில் ஊசிமுனை அளவு மை உதிர்ந்தாலும் உள்ளிருக்கும் வெள்ளை அட்டை பல்லைக் காட்டும். உன் படத்தில் அப்படி ஒன்றுகூட இல்லை. ஏறக்குறைய நாற்பது வயதான அட்டைக்கு விளிம்பு இத்தனை சுத்தமாக இருப்பதைப் பார்த்து நீ சந்தோஷப்பட்டிருக்கிறாய். எனக்கு அங்கேதான் வயிற்றைக் கலக்கியது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு.

அந்த ஆளிடம் இருப்பது உண்மையிலேயே எட்டு என்று வைத்துக்கொள். ஒன்பதாகவும் இருக்கலாம் என்று வைத்துக்கொள். பி.எஸ்.ஏ., எஸ்.ஜி.சி., பெக்கெட் போன்ற கிரேடிங் கம்பெனிக்கு அனுப்பினால், விலை உயர்ந்த கார்டு என்பதால் கட்டணம் சில நூறு டாலர் ஆகலாம். சாதாரணக் கார்டு என்றால் அதைவிட மிகக் குறைவு. சில வாரங்களில் முத்திரையோடு திரும்பி வந்தால் உன்னிடம் கேட்கிற விலையைப்போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ அவருக்குக் கிடைக்கும். அவர் உன்னைப்போல ஆறு மாதமாகக் கார்டு சேர்க்கிறவர் இல்லை. இதுதான் அவர் பிழைப்பு. அப்படியிருக்க, அந்தச் சில நூறு டாலரைச் செலவழிக்காமல் ஆயிரக்கணக்கான டாலரை உனக்கு விட்டுக்கொடுக்கிறார் என்றால், நீ அவருக்கு என்ன உறவு?

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில்களும் உண்டு. அவசரமாகப் பணம் தேவைப்படலாம். அனுப்பிவிட்டுக் காத்திருக்கப் பிடிக்காதவராக இருக்கலாம். ஆனால் அவர் ஏற்கெனவே ஒரு தடவை அனுப்பி, வேண்டாத பதிலோடு திரும்பி வந்த கார்டாகவும் இருக்கலாம். பெட்டியை உடைத்து, குறைந்த எண் போட்ட சீட்டைத் தூர எறிந்துவிட்டு, மறுபடி 'ரா' ஆக்கியதாகவும் இருக்கலாம். ரா என்றால் கிரேடு செய்யாதது என்று இதற்குள் உனக்கே பழகியிருக்கும். ஒரு கார்டு ராவாக இருப்பதற்கு இத்தனை காரணம் இருக்கலாம். அதில் எது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

நீ பொருளாதாரம் ஒரு பாடமாக எடுத்தவன். ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் எழுதிய பழைய கார் சந்தைக் கட்டுரை நினைவிருக்கிறதா? அவருக்கு 2001-இல் நோபல் பரிசு கிடைத்தபோது முதலில் பேசப்பட்டது அதுதான். விற்கிறவனுக்கு வண்டியின் வண்டவாளம் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவன் பயந்துகொண்டு நடுத்தர விலைதான் தருவான். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவன் விற்க மாட்டான், வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவான். சந்தையில் ஓட்டை வண்டிகள் மிஞ்சும். கார்டு உலகில் நல்லது வைத்திருப்பவனுக்கு ஒரு வழி இருக்கிறது: ஸ்லாப் போடுவது. பி.எஸ்.ஏ. தொடங்கியது 1991-இல். முப்பது வருஷத்துக்கும் மேலாக நாடு முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருக்கிறார்கள். நல்ல ஜோர்டான்கள் பெரும்பாலும் பெட்டிக்குள் போய்விட்டன. சல்லடைக்கு வெளியே, அதுவும் பெரிய விலைச் சீட்டோடு, ஒன்று கிடைத்தால் அது எப்படித் தப்பியது என்று கேட்காமல் பர்ஸைத் திறக்கக் கூடாது.

தப்புவதே இல்லை என்று சொல்லவில்லை. பரணில் இருந்து புதையல் வந்த கதை இந்தப் பொழுதுபோக்கில் நிறைய. 1952-இல் டாப்ஸ் கம்பெனி போட்ட பேஸ்பால் கார்டுகளில் கடைசி வரிசை விற்காமல் கிடங்கில் தேங்கிவிட்டது. வடிவமைத்த சை பெர்கரே 1960-இல் அவற்றைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய் அட்லாண்டிக்கில் கொட்டினார். அந்த வரிசையின் முதல் கார்டு மிக்கி மேன்டில். 1986-இல் பாஸ்டன் பக்கத்தில் ஒரு வீட்டில் அதே வரிசைக் கார்டுகள் பெட்டி பெட்டியாக, கை படாமல் கிடைத்தன. ஆலன் ரோசன் என்ற வியாபாரி வாங்கினார். அதிலிருந்து வந்த ஒரு மேன்டில் 1991-இல் 50,000 டாலருக்குக் கைமாறி, 2022 ஆகஸ்டில் எஸ்.ஜி.சி.யின் 9.5 முத்திரையோடு ஏலத்துக்கு வந்து 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது.

ரோசனிடம் நேரில் வாங்கியவருக்கு ரோசனின் பேச்சே போதுமாக இருந்திருக்கும். எதிரெதிரே உட்கார்ந்து, முகம் பார்த்து, கைகுலுக்கி வாங்கினார். 2022 ஏலத்தில் கை தூக்கியவர்கள் யார், எந்த ஊர், யாருக்குத் தெரியும்? கண்ணால் பார்க்காத பொருளுக்கு, முகம் தெரியாத ஆளிடம், கோடிக்கணக்கில் விலை சொல்ல வேண்டுமென்றால் இருவருக்கும் பொதுவாக மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் ஈபே வந்து, கலிஃபோர்னியாக்காரன் விற்பதை மெய்ன் மாநிலத்துக்காரன் வாங்க ஆரம்பித்த பிறகுதான் கிரேடிங் தொழில் கிடுகிடுவென வளர்ந்தது. அதற்கு முன்னால் 'நியர் மின்ட்' என்று டீலர் கையால் எழுதி ஒட்டியதுதான் தரம். விற்கும்போது நியர் மின்ட்டாக இருந்த கார்டு, அதே டீலரிடம் திருப்பி விற்கப் போனால் 'எக்ஸலண்ட்' ஆக இறங்கிவிடும். அடகுக் கடைக்குப் போன நகையின் மாற்று குறைவதுபோல.

நகை என்றதும் நினைவு வருகிறது. உன் பாட்டியின் இரட்டை வடச் சங்கிலியை மாற்றப் போனபோது உன் அம்மாவோடு நானும் போயிருந்தேன். நீ பிறக்கும் முன்னால். கடைக்காரர் உரைகல்லில் ஒரு இழு இழுத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அந்தப் பிதுக்கலுக்கு விலை அரைப் பவுன். இன்றைக்கு ஹால்மார்க்கும் ஆறு எழுத்து அடையாள எண்ணும் வந்துவிட்டதால் உதட்டுக்கு அந்த மவுசு இல்லை. ஸ்லாப்பும் ஏறக்குறைய இதுதான். ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் வை. தங்கத்தில் 916 என்பது அளந்து சொல்வது. எங்கே அளந்தாலும் அதுதான் வர வேண்டும். கார்டில் 8 என்பது பயிற்சி பெற்ற ஒரு கண்ணின் அபிப்பிராயம். அதே கார்டைப் பெட்டியை உடைத்து மறுபடி அனுப்பினால் 9 வந்திருக்கிறது, 7-உம் வந்திருக்கிறது. அதற்கென்றே உடைத்து உடைத்து அனுப்புகிறவர்கள் உண்டு.

சரி, என் கதைக்கு வருகிறேன். இதை உன் அத்தைக்கே முழுதாகச் சொன்னதில்லை.

2003 அல்லது 2004. எடிசன் நகருக்கு வந்த புதிது. ஒரு சனிக்கிழமை, தீயணைப்புக் கூடத்தில் நடந்த சின்ன கார்டு ஷோவில் இதே 57-ஆம் எண்ணை 450 டாலருக்கு வாங்கினேன். ராவாகத்தான். டீலர் பேரன் பேத்தி எடுத்த வயதுக்காரர், கனிவான பேச்சு, எனக்குக் காப்பிகூட வாங்கிக் கொடுத்தார். நாலு மூலையும் கத்திபோல இருந்தன. விளிம்பில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை. அடுத்த வருஷம் கிரேடிங்குக்கு அனுப்பினேன். எட்டு வருமா ஒன்பது வருமா என்று ஆபீஸ் நண்பனோடு மதியச் சாப்பாட்டுப் பந்தயம் வேறு. ஆறு வாரம் கழித்து உறை வந்தது. உள்ளே பெட்டி இல்லை. நான் அனுப்பிய அதே நெகிழ் உறையில் அதே கார்டு, கூடவே ஒரு துண்டுச் சீட்டு. ஓரம் வெட்டப்பட்டதற்கு அடையாளம் தெரிகிறது, எண் தர இயலாது என்று ஒரே வரியில். கட்டணமும் திரும்பவில்லை. பார்த்த வேலைக்குக் கூலி.

முதலில் கோபம் கிரேடிங்காரர்கள் மேல்தான் வந்தது. பிறகு அதே வரிசையில் ஒரு டாலர் பெறாத வேறு ஒரு ஆட்டக்காரரின் கார்டை எடுத்து, இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து மேசைமேல் தட்டி நிறுத்தினேன். ஜோர்டான் ஒரு மயிரிழை குட்டை. விரல் நகத்தை மேல் விளிம்பில் ஓட்டினால் படி இறங்குவதுபோல ஒரு தட்டுத் தட்டியது. அந்த மேல் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், மற்ற மூன்று பக்கமும் பழைய அட்டைக்குரிய மெல்லிய நார் தெரிய, அந்தப் பக்கம் மட்டும் புதிதாக வெட்டிய வாழைத்தண்டுபோல வழவழப்பு. மழுங்கிய மூலையைச் சரிசெய்ய யாரோ ஓரத்தைக் கத்தியால் சீவியிருக்கிறார்கள். அந்தப் பெரியவரே செய்தாரா, அவருக்கும் யாரேனும் தலையில் கட்டினார்களா, தெரியாது. அடுத்த ஷோவில் அவர் மேசை இல்லை.

உன் படத்தில் விளிம்பு சுத்தமாக இருக்கிறது என்றதும் எனக்கு ஏன் வயிற்றைக் கலக்கியது என்று புரிகிறதா?

கிரேடர் பார்ப்பது நாலு விஷயம்: படம் நடுவில் அமைந்திருக்கிறதா, மூலை, விளிம்பு, மேற்பரப்பு. முதலாவதை நீயே அளக்கலாம். இடது ஓரமும் வலது ஓரமும் 50-க்கு 50 இருந்தால் உத்தமம். பி.எஸ்.ஏ.வில் பத்து வாங்க முன்பக்கம் இப்போது 55-க்கு 45 வரைதான் சலுகை. மூலையையும் விளிம்பையும் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். மேற்பரப்பு மட்டும் தந்திரமானது. விளக்கைச் சாய்வாகப் பிடித்துக் கார்டை மெல்லத் திருப்பினால்தான் கீறலும் மடிப்பும் தெரியும். டாப்லோடர் என்ற பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து நீ எடுத்த படத்தில், கீறல் பிளாஸ்டிக்கில் இருக்கிறதா ஜோர்டான் முகத்தில் இருக்கிறதா என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. ஆனால் இந்த நாலுக்கும் முன்னால் இன்னும் இரண்டு கேள்வி இருக்கிறது. இது அசலா? இதில் யாராவது கை வைத்திருக்கிறார்களா? ஓரம் சீவுவது, உதிர்ந்த இடத்தில் மை தொட்டு வைப்பது, மடிப்பை அழுத்தி நிமிர்த்துவது என்று கைவேலைகள் பல. அனுபவசாலிகள் ஸ்லாப்புக்குப் பணம் தருவது முக்கியமாக இந்த இரண்டு கேள்விக்காகத்தான் என்பது என் எண்ணம். ஏழா எட்டா என்று நீயும் நானும் ஓரளவு ஊகித்துவிடலாம். 1986 ஜோர்டான்போலப் போலிகள் மலிந்த ஒரு கார்டில், அசலா என்ற கேள்விக்கு ஊகம் போதாது.

இந்த முத்திரையை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1909-இலிருந்து 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பாக்கெட்டுக்குள் போட்ட கார்டு வரிசை டி206. அதில் பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு சீக்கிரமே நிறுத்தப்பட்டது. புகையிலையோடு தன் படம் போவது அவருக்குப் பிடிக்கவில்லை என்பார்கள், பணம் தரவில்லை என்ற கோபம் என்றும் சொல்வார்கள். இன்று அறுபது போல மிஞ்சியிருக்கிறது. அதில் மிக அழகான ஒன்றை 1985-இல் பில் மாஸ்ட்ரோ என்ற கார்டு வியாபாரி 25,000 டாலருக்கு வாங்கினார். கைமாறி, 1991-இல் சதபீஸ் ஏலத்தில் ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் 4,51,000 டாலருக்கு எடுத்தார்கள். அப்போதுதான் பிறந்திருந்த பி.எஸ்.ஏ. அதற்கு 8 கொடுத்தது. அவர்கள் கிரேடு செய்த முதல் கார்டே அதுதான். பிறகு ஒரு கடைத்தொடர் அதைப் போட்டிப் பரிசாக வைத்தது. ஃப்ளோரிடாவில் தபால் ஆபீஸில் வேலை பார்த்த ஒரு பெண்மணிக்கு விழுந்தது. பரிசுக்கு வரி கட்டக் காசில்லை, பாவம், உடனே ஏலத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். 6,40,000 டாலருக்கு மேல் போனது. 2007-இல் அரிசோனா பேஸ்பால் அணியின் உரிமையாளர் கென் கென்ட்ரிக் 28 லட்சம் டாலர் கொடுத்தார்.

2013-இல் மாஸ்ட்ரோ மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது இன்னொன்றையும் ஒப்புக்கொண்டார்: அந்த வாக்னரின் பக்க ஓரங்களை வெட்டியது தான்தான் என்று.

என்னுடைய 450 டாலர் ஜோர்டானுக்கு நேர்ந்ததும் கென்ட்ரிக்கின் 28 லட்சம் டாலர் வாக்னருக்கு நேர்ந்ததும் ஒன்றுதான் என்று நினைக்கும்போது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம், மறைக்கவில்லை. ஒரே வித்தியாசம், என்னுடையதைக் கண்டுபிடித்தார்கள், அவருடையதற்கு 8 கொடுத்துவிட்டார்கள். 2019-இலும் இப்படி ஒரு கலவரம் நடந்தது. பழைய ஏலப் படங்களையும் புது ஸ்லாப் படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்த ஆர்வலர்கள், சீவிய கார்டுகள் நல்ல எண்ணோடு பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பதை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டார்கள். கிரேடரும் மனிதர்தான். 2021-இல் கொரோனா ஊரடங்கில் ஊரே பரணைக் கிளறிக் கார்டு அனுப்ப, குவியல் தாங்காமல் பி.எஸ்.ஏ. மார்ச் கடைசியில் பெரும்பாலான சேவைகளையே நிறுத்திவைத்தது. அத்தனை குவியலுக்கு நடுவே ஒரு கார்டுக்கு எத்தனை நிமிஷம் கொடுத்திருப்பார்கள்?

அப்படியானால் ஸ்லாப்பும் வேண்டாமா என்று கேட்பாய். வேண்டும். தப்பவே தப்பாத மருத்துவர் இல்லை என்பதற்காக மருந்துக் கடைக்காரரிடம் ஆபரேஷன் செய்துகொள்ள முடியாது. சீவிய கார்டு ஸ்லாப்பில் நுழைவது நூற்றில் எத்தனையோ, யார் கண்டது. சீவிய கார்டு ஷோ மேசையில் நுழையத் தடுப்பதற்கு அங்கே ஒரு கதவுகூடக் கிடையாது. நான் சொல்ல வருவது வேறு. எண்ணை வாங்காதே. எண்ணைப் படி, பிறகு கார்டைப் பார். ஒரே 7-இல் இரண்டு கார்டு இருக்கும். ஒன்று நடுப்பிசகாமல் கண்ணுக்குக் குளிர்ச்சியாக, பின்பக்கம் ஒரு மூலை மட்டும் மழுங்கி. இன்னொன்று மூலையெல்லாம் கூர்மை, படம் கோணல். எண் ஒன்று, கார்டு வேறு. அந்த முதலாவதைத் தேடிப் பிடிக்கிறதில்தான் இந்த விளையாட்டின் ருசி.

ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவிலிருக்கிற பள்ளத்தில் மட்டும் விழாதே. 2021 ஜனவரியில் பி.எஸ்.ஏ. 10 ஜோர்டான் 7,38,000 டாலருக்குப் போனது. அதுவும் ஒரே ஏலத்தில் இரண்டு, அதே விலைக்கு. அடுத்த ஓரிரு வருஷத்தில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. அந்த முந்நூறு சொச்சம் பத்துகளுக்கும் ஒன்பதுகளுக்கும் நடுவே வெறும் கண்ணுக்கு என்ன தெரியும்? பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பல மடங்கு விலை அந்த ஒன்றுமில்லாததற்குத்தான். கோடீஸ்வரர்கள் தங்களுக்குள் மோதிக்கொள்ளட்டும், உன் போனஸுக்கு அந்தச் சண்டையில் வேலையில்லை.

எல்லாவற்றையும் பெட்டிக்குள் அடைக்கவும் வேண்டாம். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் அச்சகங்கள் ராப்பகலாக ஓடிக் கார்டு அடித்துத் தள்ளின. குப்பைக் காலம் என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அந்தக் காலத்துச் சாதாரணக் கார்டைக் கிரேடிங்குக்கு அனுப்புவது, ஐந்து ரூபாய்த் தேங்காயை ஐம்பது ரூபாய் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவது. அதையெல்லாம் ஆல்பத்தில் போட்டுவை, எடுத்துப் பார், முதுகில் இருக்கும் புள்ளிவிவரத்தைப் படி. பழைய பாக்கெட் கார்டில் பபுள்கம் ஒட்டியிருந்த இடம் கறையாகத் தெரியும், அதைத் தொட்டுப் பார்க்கலாம். நாங்கள் மதுரையில் மல்யுத்த டிரம்ப் கார்டு வைத்து விளையாடியபோது ரப்பர் பேண்டு போட்டு டிரவுசர் பையில் வைத்திருப்போம். மூலை என்ற ஒன்று அதில் இருந்ததாகவே நினைவில்லை. கிரேடு கேட்டால் அரைகூடக் கிடைத்திருக்காது. சந்தோஷத்துக்குக் குறைவில்லை.

ஸ்லாப்பின் இன்னொரு உபயோகம் எனக்கு மிகவும் தாமதமாகத்தான் புரிந்தது. அந்தச் சாப்பாட்டுப் பந்தய நண்பன் ஆறு வருஷத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டான். அவனும் கார்டுப் பைத்தியம், என்னைவிட மோசம். காரியமெல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்து அவன் மனைவி கூப்பிட்டாள். மேசைமேல் இரண்டு குவியல். ஒன்று நாற்பது ஸ்லாப். இன்னொன்று ஐந்து ஷூ பெட்டி நிறைய ரா. விளம்பரம் பார்த்து வந்த ஒரு டீலர் ஷூ பெட்டிகள் ஐந்தையும் சேர்த்து 800 டாலர் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஸ்லாப்புகளுக்கு அவரால் வாய்க்கு வந்த விலை சொல்ல முடியவில்லை. ஒவ்வொன்றிலும் எண் இருந்தது. கல்லூரியில் படிக்கும் மகள் ஒரே மாலையில் நாற்பதையும் தேடி, சமீபத்தில் எது என்ன விலைக்குப் போனது என்று பட்டியல் எழுதிவைத்திருந்தாள். ஷூ பெட்டிகளோடு நான் நாலு வாரக்கடைசி உட்கார்ந்தேன். 1950-களின் நல்ல கார்டுகள் பலவும் அதற்குள்ளே நல்ல பையன்கள்போல ஒடுங்கி இருந்தன. எது எங்கே வாங்கியது, எதில் என்ன குறை என்பதெல்லாம் அவன் தலைக்குள் இருந்தது. தலை போன பிறகு அவை வெறும் அட்டை. அந்த ஐந்து பெட்டியும் 800 டாலரைப்போலப் பல மடங்கு போயின என்றாலும், நான் இருந்தேன், சரி. நான் இல்லாத வீடுகளில்?

அதற்குப் பிறகுதான் என்னிடமிருந்த பழைய கார்டுகளில் ஒரு இருபதை அனுப்பி ஸ்லாப் போட்டேன். விற்பதற்காக இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். என் பூதக்கண்ணாடியை இரவோடிரவாகப் போய்ச்சேரும் தபாலில் அனுப்பிவிட்டேன். பத்து மடங்கு பெரிதாக்கும். ஷோவுக்கு உள்ளே நுழைந்ததும் முதலில் வேறு எவரிடமாவது 1986 ஃப்ளியரிலேயே பேர் தெரியாத ஓர் ஆட்டக்காரர் கார்டு வாங்கு. சில டாலர்தான் ஆகும். அதை எடுத்துக்கொண்டு உன் ஆளிடம் போய், டாப்லோடரிலிருந்து எடுத்துக் காட்டச் சொல். எடுக்க மாட்டேன் என்றால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வா. எடுத்தால் இரண்டையும் சேர்த்துப் பிடித்து உயரத்தைப் பார், நாலு விளிம்பின் நாரைப் பார். பிறகு கண்ணாடியை எழுத்துகளின்மேல் வை. அசல் அச்சில் எழுத்து ஒரே திடமான நிறமாக இருக்கும், படம் மட்டும் புள்ளி புள்ளியாக இருக்கும். எழுத்தும் புள்ளிகளால் ஆனதென்றால் அது யாரோ அசலை ஸ்கேன் செய்து அடித்த நகல்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் அன்றைக்கு வாங்காதே. அவரிடம் ஒன்று மட்டும் கேள்: "கிரேடிங் கட்டணம் நான் தருகிறேன், நீங்களே உங்கள் பெயரில் அனுப்புங்கள். எட்டு வந்தால் எட்டின் சந்தை விலைக்கே நான் எடுத்துக்கொள்கிறேன்." அவருக்கு இதைவிட லாபமான பேச்சு இருக்க முடியாது. கார்டின்மேல் அவருக்கே நம்பிக்கை இருந்தால் உடனே சரி என்பார். என்ன சொல்கிறார் என்பதைவிட எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்று கவனி.

அதே ஹாலில் ஸ்லாப் போட்ட 5-உம் 6-உம் உன் 3,000 டாலருக்கு அருகில் கிடைக்கக்கூடும். அவற்றைத் தேடு. சீட்டில் இருக்கும் எண்ணைப் போனில் கம்பெனியின் தளத்தில் தட்டிப் பார். போலி ஸ்லாப்பும் இருக்கிறது, அசல் எண்ணைத் திருடிப் போட்ட போலியும் இருக்கிறது. அதனால் எண் சரியாக வந்தால் மட்டும் போதாது, அங்கே படம் இருந்தால் கையில் இருக்கும் கார்டின் ஓரமும் மூலையும் அதே படத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார். பெட்டியின் விளிம்பில் கீறி ஒட்டிய தடம், வெளுத்த கோடு இருந்தால் கீழே வைத்துவிடு.

நன்றிகூறும் விடுமுறைக்கு இங்கே வா. அந்த 450 டாலர் ஜோர்டானை இன்னும் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன், துண்டுச் சீட்டோடு. நீயே மற்றொரு கார்டோடு சேர்த்துத் தட்டி நிறுத்திப் பார்க்கலாம். மூவாயிரம் டாலர் விஷயத்தை உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. நீயும் வாயைத் திறக்காதே. கேட்டால் மாமாதான் கெடுத்தான் என்பாள்.

அன்புடன்,
மாமா